மவுஸ் வாங்குவதற்கு முன்னால் நாற்காலியைப் பாருங்கள்

நீங்கள் எழுதியிருப்பதை எனக்குப் புரிந்த மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பு வேலை, வீட்டிலிருந்துதான், சாப்பாட்டு மேசையில் லேப்டாப், ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது மணி நேரம். உயரம் 5 அடி 2 அங்குலம். ஆறு மாதமாக வலது மணிக்கட்டில் வலி, கொஞ்ச வாரமாக ராத்திரியில் விரல்கள் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது, கையை உதறினால் சரியாகிறது. மெடிக்கலில் ஒரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார்கள், பகலெல்லாம் அதைப் போட்டுக்கொண்டே டைப் செய்கிறீர்கள், பலன் இல்லை. இது கார்ப்பல் டனல்தானா, அதாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற பிரச்சினையா, செங்குத்து மவுஸ் வாங்கலாமா, கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற ஜெல் திண்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பட்டையைப் பகலில் கழற்றி வைத்துவிட்டு ராத்திரியில் போடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் பிரச்சினையில் பாதி அந்தச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, மீதிப் பாதி எட்டு மணி நேரத்தில் எத்தனை தடவை கையைக் கீழே போடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக டிடிபி, புத்தகப் பக்க அமைப்பு என்று கையை வைத்துப் பிழைப்பவன். 2009-ல் ஒரு பதிப்பகத்தில் பள்ளிக்கூடக் கைடுகளை ஜூன் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இரண்டு மாதம் தினமும் 14 மணி நேரம் உட்கார்ந்தேன், அது முடிந்தபோது வலது கையால் ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியவில்லை. முழங்கைக்கு வெளிப்பக்கம் உயிர் போகிற வலி. பிசியோதெரபிஸ்ட் தொட்டுப் பார்த்துவிட்டு "டென்னிஸ் எல்போ" என்றார். நான் வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. அவர் மருந்து எதுவும் சொல்வதற்கு முன்னால், "நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார். அந்தப் போட்டோவைப் பார்த்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. கீபோர்டு, மேசைக்குக் கீழே இழுக்கிற தட்டில் இருந்தது. தட்டு சின்னது என்பதால் மவுஸ் மட்டும் மேசைக்கு மேலே. நாள் முழுக்க வலது கையை மட்டும் யாரையோ ஆசீர்வாதம் செய்கிற மாதிரி தூக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்களும் முதலில் அந்தப் போட்டோவை எடுத்துவிடுங்கள். வீட்டில் யாரையாவது விட்டு, உங்களுக்குத் தெரியாமல், வேலை மும்முரத்தில் இருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். தெரிந்து எடுத்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறோம்.

கை ஏன் வலிக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானே விளங்கும். விரலை அசைக்கிற தசைகளில் பெரும்பகுதி விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல ஆட்டிப் பாருங்கள், உள்ளே நெளிவது தெரியும். அங்கிருந்து தசைநாண்கள், பொம்மலாட்டக் கயிறு மாதிரி, மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது: கீழேயும் பக்கத்திலும் எட்டுச் சின்ன எலும்புகள், மேலே கூரை மாதிரி ஒரு கெட்டியான நார்ப்பட்டை. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. அதுதான் கார்ப்பல் டனல். மணிக்கட்டை மேல்பக்கம் மடக்கினாலும் கீழ்ப்பக்கம் மடக்கினாலும் அந்த வழிக்குள் அழுத்தம் ஏறும். நேராக இருக்கும்போதுதான் குறைவு. மணிக்கட்டை நேராக வையுங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஆனால் நேராக வைத்தால் மட்டும் போதாது. அந்தச் சொம்புத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், கை அசையவே இல்லை, வேலையே செய்யவில்லை, ஆனாலும் ஐந்து நிமிடத்தில் தோள் நடுங்கும். அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கிற தசைக்கு ரத்த ஓட்டம் சரியாகக் கிடைக்காது. மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் கிளிக் செய்யலாம் என்று ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கியபடி ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிறீர்களே, அப்போது உங்கள் முன்கை அந்தச் சொம்பைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறது. என் அனுபவத்தில் வேகமாக டைப் செய்கிற ஆட்களைவிட, மவுஸைப் பிடித்தபடி திரையை முறைத்துக்கொண்டிருக்கிற ஆட்களுக்குத்தான் சீக்கிரம் வலி வருகிறது.

இது கம்ப்யூட்டரோடு வந்த வியாதியும் இல்லை. இத்தாலியில் ராமசினி என்ற மருத்துவர் தொழில்வாரியாக வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதன் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றி ஒரு பகுதி சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே திசையில் அசைத்துக்கொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம், இந்த மூன்றும்தான் காரணம் என்றார். இறகுப் பேனா காலத்து ஆள். எங்கள் ஆபீஸைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றும்.

சரி, சாப்பாட்டு மேசைக்கு வருவோம். நம் வீடுகளில் இருக்கிற சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம், நாற்காலி 45. உங்கள் உயரத்துக்கு, உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து 65, 66 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மேசை அதற்கு மேல் நாலைந்து விரற்கடை உயரம். அந்த இடைவெளியை உடம்பு எப்படியாவது ஈடு செய்தாக வேண்டும், அதனால் தோள் காதை நோக்கி ஏறும், முழங்கை இறக்கை மாதிரி விரியும், மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், உள்ளங்கையின் அடிப்பாகம் மேசை விளிம்பில் அழுந்தும். எட்டு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு ராத்திரி மரத்துப்போகிறது என்றால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

மேசைக் காலை யாரும் அறுக்கப் போவதில்லை, அதனால் நாற்காலியை உயர்த்த வேண்டும். கெட்டியான திண்டு ஒன்றோ, உட்கார்ந்தால் அமுங்காத அளவுக்கு இறுக்கி மடித்த ஜமுக்காளமோ போதும், பஞ்சுத் தலையணை வேண்டாம். முழங்கையை மடக்கி வைத்தால் கீபோர்டின் நடுவரிசைக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ வர வேண்டும், அதுதான் அளவு. அப்படி உயர்த்தினால் கால் தரையில் எட்டாது, தொடைக்கு அடியில் அழுத்தும், பத்து நிமிடத்தில் முன்னால் சரிந்து உட்கார்ந்துவிடுவீர்கள், பழைய கதைதான். அதனால் காலுக்கு ஒரு மணைப்பலகையோ செங்கல் மேல் பலகையோ கட்டாயம். காலுக்கு ஆதாரம் இல்லாத உட்காரலில் மணிக்கட்டை எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது, இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

லேப்டாப்பை மட்டும் வைத்து எட்டு மணி நேரம் வேலை செய்யவே முடியாது. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். லேப்டாப்பைப் பழைய பத்திரிகைக் கட்டின் மேல் ஏற்றிவிட்டு, 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கிற சாதாரண கீபோர்டு ஒன்றைத் தனியாக வாங்கி வையுங்கள். ஆமாம், எதையும் வாங்காதீர்கள் என்று சொன்னேன், இது ஒன்று மட்டும் விதிவிலக்கு. வாங்கும்போது வலது பக்கம் எண் விசைகள் இல்லாத குட்டையான கீபோர்டாகப் பாருங்கள். மொழிபெயர்ப்புக்கு எண் விசை எதற்கு? அது இல்லாவிட்டால் மவுஸ் ஏறக்குறைய அரைச் சாண் உள்ளே வந்துவிடும், தோளுக்கு நேராக. கீபோர்டுக்குப் பின்னால் மடக்கி விரிக்கிற இரண்டு குட்டிக் கால்கள் இருக்கும், அவற்றை மடக்கியே வையுங்கள். எல்லோரும் வாங்கிய உடனே அந்தக் கால்களை விரித்துவிடுகிறார்கள், ஏதோ அப்படித்தான் வைக்க வேண்டும் என்பது போல. விரித்தால் பின்பக்கம் உயர்ந்து மணிக்கட்டு இன்னும் மேலே மடங்கும். எழுத்தைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கால்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜெல் திண்டு பற்றி. டைப் செய்யும்போது அதன்மேல் மணிக்கட்டை ஊன்றினால் நரம்பு போகிற வழியையே வெளியிலிருந்து அமுக்குகிறீர்கள், தவிர மணிக்கட்டு ஓரிடத்தில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடுவதால் தூரத்து விசைகளுக்கு விரலும் மணிக்கட்டும் பக்கவாட்டில் வளைந்து போக வேண்டியிருக்கும். இன்ஸ்டிடியூட்டில் எங்கள் மாஸ்டர், மணிக்கட்டு மெஷின் சட்டத்தில் பட்டால் அடியில் ஸ்கேலால் ஒரு தட்டு தட்டுவார். "கை மிதக்கணும்" என்பார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது அதே வார்த்தையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அடிக்கும்போது மிதக்கட்டும், நிறுத்தும்போது கையை மடியில் போடுங்கள். திண்டு இருந்தால் அந்த நிறுத்தத்தில் உள்ளங்கையின் அடியை அதில் வைக்கலாம், அவ்வளவுதான் அதன் வேலை. மேசை விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள், செலவே இல்லை.

மவுஸில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதுவும் புது மவுஸ் இல்லாமலே. சுட்டியின் வேகத்தைக் கூட்டுங்கள், கை நகர்கிற தூரம் குறையும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு விசிறி மாதிரி இடவலமாக ஆட்டாதீர்கள், முழங்கையிலிருந்து முன்கை முழுவதும் நகரட்டும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், பின்னாலிருந்து யாராவது இழுத்தால் கையிலிருந்து வந்துவிடுகிற அளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். படிக்கும்போது மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இது சொல்வதற்கு அற்பம், செய்வதற்குக் கஷ்டம், ஆனால் நான் செய்ததிலேயே அதிகம் பலன் கொடுத்தது இதுதான். அப்புறம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மவுஸை இடது கைக்கு மாற்றுங்கள். முதல் நாலு நாள் குழந்தை மாதிரி தடுமாறுவீர்கள், இரண்டு வாரத்தில் பழகிவிடும். பக்க அமைப்பு மாதிரி நுணுக்கமான வேலைக்கு எனக்கு இன்னும் வலது கைதான், ஆனால் இணையத்தில் படிப்பது, மெயில் பார்ப்பது எல்லாம் இடதுக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒன்று: வலி வந்தபிறகு வேலை முழுவதையும் ஒரேயடியாக இடது கையின் தலையில் கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து இரண்டு கையும் போய் உட்கார்ந்தார்.

குறுக்கு விசைகள் நல்லவை, ஆனால் கன்ட்ரோலையும் எழுத்தையும் ஒரே கையால் நண்டுக் கொடுக்கு மாதிரி விரித்து அழுத்தாதீர்கள். கன்ட்ரோலுக்கு ஒரு கை, எழுத்துக்கு இன்னொரு கை. கீபோர்டில் கன்ட்ரோல் இரண்டு பக்கமும் இருப்பது அதற்குத்தான், அந்த வலது கன்ட்ரோலை இதுவரை எத்தனை தடவை தொட்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பெரும்பாலான ஆங்கிலக் கட்டுரைகளில் கிடைக்காத ஒரு விஷயம். தமிழில் எந்த முறையில் டைப் செய்கிறீர்கள்? நீங்கள் சொல்லவில்லை, ஆனால் உங்கள் தலைமுறையில் பலர் பயன்படுத்துவது ஒலியியல் முறை, அதாவது ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழை அடிப்பது. கற்றுக்கொள்ளவே வேண்டாம் என்பது அதன் வசதி, விலை கைக்குப் போகிறது. "வணக்கம்" என்பதை அந்த முறையில் அடிக்க எட்டுத் தட்டு, ண-வுக்கு ஷிஃப்ட் தனி. தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் ஆறே தட்டு, ஷிஃப்ட் கிடையாது. "கற்றுக்கொள்ளுங்கள்" என்று அடித்துப் பாருங்கள்: ஒலியியல் முறையில் ற்ற, ள்ள, ள் என்று மூன்று இடத்தில் ஷிஃப்டைத் தேட வேண்டும். ண, ள, ற மூன்றும் தமிழில் வரிக்கு வரி வருகிற எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் சுண்டு விரல் ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்கிறது, இருப்பதிலேயே பலவீனமான விரல் அது. நாளைக்கு 3,000 சொல் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்99 என்பது 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம் என்று பிரித்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல் மெய்யும் உயிருமாக மாறி மாறி வருவதால் இரண்டு கையும் மாறி மாறி அடிக்கின்றன, ஒரு கை அடிக்கும்போது இன்னொரு கைக்கு ஒரு கணம் ஓய்வு. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும், க க என்றால் க்க. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த அடித்தாலும் அப்படியே. மீதி நேரத்தில் தேவைப்படுகிற புள்ளி, இடது ஆள்காட்டி விரல் ஓய்வாக இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான் ஷிஃப்ட். கைவலி வரக்கூடாது என்று யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன், ஆனால் தமிழின் நடையை யோசித்துச் செய்திருக்கிறார்கள், அந்தப் பலன் கைக்கும் கிடைக்கிறது.

விண்டோஸிலும் மேக்கிலும் அது கூடவே வருகிறது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். பழகிக்கொள்ள மூன்று வாரம் ஆகும், முதல் வாரம் வேகம் பாதிக்குக் கீழே போகும், கெடு நெருக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். நான் பழைய தட்டச்சு முறையில் பழகியவன், 2010-ல் தமிழ்99-க்கு மாறினேன், மூன்றாம் நாள் கீபோர்டைத் தூக்கி எறியலாம் என்று இருந்தது, ஒரு மாதத்துக்குப் பிறகு பழையதை நினைக்கவில்லை. மாறவே முடியாது என்றால் பரவாயில்லை, அடிக்கிற அளவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிற நீளமான சொற்களை, "ஒருங்கிணைப்பாளர்", "நடவடிக்கைகள்" போன்றவற்றை, வேர்டின் ஆட்டோகரெக்டில் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கமாகப் போட்டு வைக்கலாம். முதல் வரைவைக் குரலில் சொல்லி எழுத வைக்கலாம், கூகுள் டாக்ஸ் தமிழைத் தாராளமாகப் பிடிக்கிறது. ல, ள, ழ-வில் குழப்பும், சந்தியைக் கோட்டைவிடும், இருந்தாலும் திருத்துகிற தட்டு புதிதாக அடிக்கிற தட்டைவிடக் குறைவுதான்.

ஓய்வு. இதைப் படித்ததும் தாண்டிப் போகத் தோன்றும் என்று தெரியும். அமெரிக்காவில் வருமான வரித் துறையில் டேட்டா என்ட்ரி செய்கிற ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2000-ல் வெளியானது. வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் கூடுதலாக 5 நிமிடம் கொடுத்தார்கள். நாளுக்கு 20 நிமிடம் வேலை நேரம் குறைந்தது. கை, தோள், கண் எல்லாவற்றிலும் அசௌகரியம் குறைந்தது, செய்து முடித்த வேலையின் அளவோ குறையவில்லை. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் முக்கியமான சேதி அதுதான்.

பழைய டைப்ரைட்டரில் இந்த ஓய்வு மெஷினுக்குள்ளேயே இருந்தது. வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், இடது கையைத் தூக்கி உருளையைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, புதுத் தாள் சொருக வேண்டும். விசை இரும்பு மாதிரி கனம், அதற்குத் தனி வலி இருந்தது, ஆனால் கை ஒரே நிலையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நின்றதில்லை. கம்ப்யூட்டரில் நிறுத்தச் சொல்வதற்கு எதுவுமே இல்லை. அதனால் அந்த மணியை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வொர்க்ரேவ், ஸ்ட்ரெச்லி என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 20, 25 நிமிடத்துக்கு ஒரு தடவை அரை நிமிடம், மணிக்கு ஒரு தடவை 5 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நிமிடத்தில் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள், விரல்களை அகல விரித்து மெதுவாக மூடுங்கள், தோளைச் சுற்றுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் மவுஸில் அலுத்த அதே கைக்கு, கட்டைவிரலால் ரீல்ஸ் தள்ளுகிற வேலையைக் கொடுத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்கிறோம். என் சொந்தத் தந்திரம், சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வது. பாட்டில் வைத்தால் எழுந்திருக்கவே தேவை வராது.

வலி இருக்கும்போது ஸ்பாஞ்சு பந்தை அமுக்கிக் கையைப் பலப்படுத்தாதீர்கள், யார் சொன்னாலும். ஏற்கெனவே அழன்று போயிருக்கிற தசைநாணை மேலும் வேலை வாங்குவதுதான் அது. பலப்படுத்துவது வலி அடங்கியபிறகு, பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி.

இன்னொன்று யாரும் கேட்காதது: கம்ப்யூட்டரை மூடிய பிறகு அந்தக் கை என்ன செய்கிறது? துணியை முறுக்கிப் பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, டூவீலரில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போவது, எல்லாம் அதே தசைநாண்கள்தான். கைக்கு எது ஆபீஸ் வேலை, எது வீட்டு வேலை என்று தெரியாது. ஆறு வாரத்துக்காவது பிழிகிற வேலையையும் துருவுகிற வேலையையும் வீட்டில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும். வீட்டில் நாலு பேர் இருந்தும் ஒரே ஆள்தான் துணி பிழிகிறார் என்றால் அங்கே சரிசெய்ய வேண்டியது மணிக்கட்டு மட்டும் இல்லை.

இப்போது, இது கார்ப்பல் டனல்தானா? இன்று ராத்திரி முழிப்பு வந்தால் உதறுவதற்கு முன்னால் எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் அந்தக் குறுகிய வழிக்குள் இருக்கிற நரம்பின் எல்லை அதுதான், சந்தேகம் வலுக்கும். சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அது வேறு நரம்பு, பெரும்பாலும் முழங்கையில் அழுத்தம், முழங்கையை மேசையில் ஊன்றுகிற பழக்கம் இருக்கிறதா பாருங்கள். மரப்பு இல்லாமல் கட்டைவிரல் அடியில் மட்டும் வலி, கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியைச் சுண்டு விரல் பக்கம் சாய்த்தால் சுரீரென்கிறது என்றால் அது கட்டைவிரல் தசைநாண் சமாச்சாரம், அதற்குப் போன்தான் முதல் சந்தேக ஆசாமி. தூங்கும்போது நாம் கையைச் சுருட்டி மடக்கிக்கொள்கிறோம், வழிக்குள் அழுத்தம் ஏறுகிறது, அதனால்தான் ராத்திரியில் மரக்கிறது. பட்டை ராத்திரிக்கு என்று சொன்னதும் அதனால்தான், மணிக்கட்டை நேராக நிறுத்துவது அதன் வேலை. உள்ளே தகடு வைத்த பட்டையாக இருக்க வேண்டும், வெறும் எலாஸ்டிக் துணி போதாது. பகலில் போட்டுக்கொண்டு டைப் செய்தால் மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையும் தோளும் வளைந்து கொடுக்கும், வலி இடம் மாறும், அவ்வளவே.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கார்ப்பல் டனலுக்குக் கம்ப்யூட்டர்தான் காரணம் என்று எல்லோரும் அடித்துச் சொல்கிற அளவுக்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில், கம்ப்யூட்டரை அதிகம் பயன்படுத்துகிற ஊழியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை 2001-ல் வெளியிட்டார்கள், பொதுமக்களில் எவ்வளவு பேருக்கு இருக்குமோ ஏறக்குறைய அவ்வளவு பேருக்குத்தான் இருந்தது. தசை வலி, தசைநாண் வலி கம்ப்யூட்டரால் வருவது வேறு கதை. ஆனால் நரம்பு அழுந்துவதற்குச் சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம், உடல் எடை, முடக்குவாதம் என்று பல காரணங்கள் இருக்கின்றன. அதனால் மேசையைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மெடிக்கலில் "நரம்புக்கு" என்று கொடுக்கிற விட்டமின் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளுவது நம் ஊர் வழக்கம், குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அதே வேலையைத் தொடர்வது அதைவிட மோசம், வீட்டில் புகை வருகிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பை எரியவிடுகிற மாதிரி.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்றால், மேசை மாற்றம், ராத்திரிப் பட்டை, ஓய்வு எல்லாம் ஒழுங்காகச் செய்து நாலு வாரத்தில் மரப்பு குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள், நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று ஒரு சோதனை எடுப்பார்கள். ஆனால் பகலிலும் மரத்தே இருக்கிறது, கையிலிருந்து பொருள் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை மேடு மறு கையைவிட வற்றித் தெரிகிறது, இதில் ஒன்று இருந்தாலும் நாலு வாரம் காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். நரம்பு ரொம்ப நாள் அழுந்திக் கிடந்தால் பிறகு அறுவைச் சிகிச்சை செய்தாலும் முழுதாக மீளாமல் போகலாம்.

செங்குத்து மவுஸ் கேட்டீர்கள். கெட்டது இல்லை, கையைக் கவிழ்க்காமல் கைகுலுக்குகிற வாக்கில் பிடிப்பதால் முன்கை முறுக்கு குறையும், என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆனால் 75 சென்டிமீட்டர் மேசையில் அதை வைத்தால் தோள் ஏறுவது அப்படியேதான் இருக்கும். நாற்காலியைச் சரிசெய்து மூன்று வாரம் பாருங்கள், அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் ஆன்லைனில் போடாமல் கடையில் போய்க் கையை வைத்துப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் பெரிய கைக்குச் செய்த அளவுதான் இங்கே விற்கிறது, சின்னக் கைக்குக் கிளிக் பொத்தான் எட்டாமல் விரலை நீட்டி நீட்டி அமுக்க வேண்டியிருக்கும். என் மனைவி என்னுடையதை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.